ஒரு மெஷினுக்கு எத்தனை விளையாட்டு

தூத்துக்குடியில் ஜெசிந்தா என்றொரு ஆசான் இருந்தாள். வயது முப்பத்திரண்டு. வீடியோ கேம் விற்கும் தொழிலை அவளிடம் கற்ற சீடர் இசக்கியப்பனுக்கு ஐம்பத்தொன்று. எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாத ஏற்பாடுதான். இருவருக்கும் அதில் குறையில்லை.

ஒருநாள் காலை சீடர் பதறிக்கொண்டு வந்தார். தனிக்கடை போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு வகை கேம் மெஷின்தான் எடுக்க முடியும். மதியத்துக்குள் மொத்த வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். தேர்வு தப்பானால் கடையை மூட வேண்டியதுதான்.

"ஆசான், ஊருல வெள்ளை மெஷின் நூறு வித்திருக்கு. கறுப்பு இருபதுதான். வெள்ளைதானே ஜெயிச்சது?"

"விளையாட்டு எத்தனை வித்துச்சு?"

"வெள்ளைக்கு நூத்தி ஏழு. கறுப்புக்கு நூத்தி எம்பது."

"வெள்ளைப் பெட்டிக்குள்ள கம்பெனிக்காரன் சும்மா ஒரு விளையாட்டு டிஸ்க் வச்சு அனுப்புவானே. அதையும் சேத்தா எண்ணுனீங்க, அண்ணாச்சி?"

"ஆமா."

"அதைக் கழிங்க."

கழித்தார். ஏழு நின்றது. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

ஜெசிந்தா போனை நீட்டினாள். "வாங்குனவங்ககிட்டயே கேளுங்க."

வெள்ளை வாங்கிய ஒருவர், "அது பரண்ல கிடக்கு, எடுத்துக்கிடுதீங்களா?" என்றார். இன்னொருவருக்கு வாங்கியதே மறந்துபோயிருந்தது.

கறுப்பு வாங்கிய ரொசாரியோ விசைப்படகு ஓட்டுகிறவர். "நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. ஒம்பது விளையாட்டும் முடிஞ்சிட்டு, பத்தாவது வேணும். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையிலதான் கிடக்கு. மூணு வருசமா முகம் குடுத்துப் பேசாத எந்தம்பி இப்ப எங்கூட உக்காந்து ஆடுதான், அண்ணாச்சி. நீங்க நல்லாயிருக்கணும்."

இசக்கியப்பன் உடனே மொத்த வியாபாரியைக் கூப்பிட்டு, கறுப்பு மெஷின் அனுப்பச் சொன்னார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"கடை பிழைச்சுது, ஆசான். எப்படி நன்றி சொல்லன்னு தெரியல. உங்ககிட்ட கத்த மத்த நாப்பது பேரும் அவங்கவங்க வழியப் பாத்துப் போயிட்டாங்க. நான் மட்டும் தினம் ஒரு சந்தேகத்தோட வந்து உங்க உயிரை வாங்குதேன்."

"ஊருல எல்லாரும் அந்த நாப்பது பேரைத்தான் பெருமையாச் சொல்லுதாங்க," என்றாள் ஜெசிந்தா. "நான் சொல்லிக்குடுக்கதுல ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சதே நீங்க திரும்பத் திரும்ப வந்ததுனாலதான். நன்றி நான்தான சொல்லணும், அண்ணாச்சி."