கோட்டுக்கு மேலே நின்ற ஆயில்

“முதல் அநியாயம், உப்புப் பாத்தியில் நிற்கிறவனுக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்துப் படம் பிடித்துவிட்டு, முதலாளி அன்று சாயங்காலமே பூட்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

“இரண்டாவது, குடிதண்ணீர் லாரியை நிறுத்தியது. சித்திரை வெயிலில், பதினேழு நாள்.

“மூன்றாவது, ஏன் என்று கேட்கப் போனவர்களைப் பிடித்து உள்ளே தள்ளியது. அதில் நானும் ஒருவன்.”

தவசிமுத்து தாளை ஒரு நிமிடம் இறக்கினார். இந்த மூன்றையும் முப்பது வருடமாகச் சொல்லி நாக்கு பழகியிருந்தது. நான்காவது புதிது. தாளை மறுபடி உயர்த்தினார்.

“நான்காவது, சங்கத்துக் காரில் சங்கத்து ஆளே ஆயில் திருடியது.”

மெக்கானிக் ஜெபமாலை தன் ஷெட்டில் அந்தக் காரின் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாரு அண்ணாச்சி?”

“டிரைவர் கோயில்பிள்ளை.”

அவள் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கரி அப்பியிருந்தது. மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.

தவசிமுத்து உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். வயது அறுபத்தொன்று. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் நோட்டீசுகளும் சிறு பிரசுரங்களும் கற்றுக்கொடுத்தவை. சங்கம் ஒரு பழைய காரை வாங்கி, அதன் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிய நாளிலிருந்து, காரைப் படிக்க இந்த ஷெட்டுக்கு வருகிறார். தன்னைவிட இருபது வயது இளையவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவருக்கு வெட்கம் இல்லை. தெரிந்தவரிடம் கேள் என்பது அவர் கொள்கை.

இன்றைக்குப் படிக்க வரவில்லை. கையெழுத்து வாங்க வந்திருந்தார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. துரோகம் செய்தவன் பெயரைப் பொதுக்கூட்டத்தில் வாசிப்பார்கள். தகப்பன் பெயர், வேலை பார்த்த அளத்தின் பெயர், எல்லாம் சேர்த்து. கூட்டம் எழுந்து நின்று கேட்கும். நின்றவர் அத்தனை பேரும் சாட்சி. அதற்குப் பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போவதில்லை. தண்ணீர் வரிசையில் அந்த வீட்டுக் குடத்துக்கு யாரும் இடம் விடுவதில்லை.

வழக்கத்தை உண்டாக்கியவர் தவசிமுத்து.

கூட்டம் ஐந்து மணிக்கு. அப்போது மணி இரண்டரை.

“ஆயில் குறைஞ்சுதான் இஞ்சின் இந்தக் கதி ஆச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு.”

“இஞ்சின் என்ன கதி ஆச்சு?”

“நேத்து நீ பார்க்கல. ஊர்வலம் முதலாளி கேட்டுக்கு நேரே வந்தாச்சு. நான் மைக்கைப் பிடிக்கேன். கார் இருமுது. பின்னாடி நீலமாப் புகை. ஊரே தெரியல. அப்புறம் நின்னுட்டு. கேட்டுக்குள்ள இருந்து ஒருத்தன் கத்துதான், ‘சங்கம் வேகுதுடோய், எறக்கி வைங்க’ன்னு. முப்பது வருசத்துல என்னைப் பார்த்து அந்தக் கேட்டு சிரிச்சது நேத்துதான்.”

ஜெபமாலைக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“கோயில்பிள்ளைகிட்டக் கேட்டீயளா?”

“திருடன்கிட்டயா கேக்கச் சொல்லுத?”

“கேக்கலயா?”

“கேக்காமலே சொன்னான். மூணாம் தடவை நான் ஆயில் ஊத்தும்போது பக்கத்துல வந்து, ‘தலைவரே, ஆயில் சரியாத்தான் இருக்கு’ன்னான். என்ன நெஞ்சழுத்தம் பாரு! உப்பு அரிச்ச காலோட பாத்தியில நிக்க முடியாம கிடந்தவனைக் கூட்டிட்டு வந்து சாவியைக் கையில கொடுத்தேன்.”

“மூணு தடவை ஊத்துனீயளா?”

“ஊத்தாம? ஆயில் அளக்குற கம்பியை எடுக்கும்போதெல்லாம் குறைஞ்சு கிடந்தா? காரோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு, குறைஞ்சா ஊத்துன்னு.”

“அடுத்த பக்கம் படிச்சீயளா?”

“எதுக்கு? குறைஞ்சிருந்துச்சு. ஊத்துனேன்.”

அவள் பிளக்குகளை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். கார் இரண்டு முறை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கடைத்தெரு வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வந்து, ஷெட்டுக்கு வெளியே சாலையோரச் சரிவில் நிறுத்தினாள். ஒரு பக்கச் சக்கரங்கள் மேட்டில், ஒரு பக்கம் பள்ளத்தில்.

“நீங்க எப்படிப் பார்ப்பீயளோ, அப்படிப் பாருங்க.”

அவள் சாவியை எடுக்கும்போதே தவசிமுத்து இஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டார். அளவுக் கம்பியை உருவினார், வேட்டி முனையில் துடைத்தார், உள்ளே விட்டு மறுபடி உருவினார்.

கம்பியில் அளவுக்கு இரண்டு கோடு. ஆயில் மேல்கோட்டில் சரியாக நின்றது.

“பார்த்தியா!” தவசிமுத்து கம்பியைக் கொடிபோல் தூக்கிப் பிடித்தார். “முந்தாநாள் நான் ஊத்துன ஆயில். நேத்து ராத்திரி கார் உன் ஷெட்ல நின்னுச்சு. அவன் கை படல. ஒரு சொட்டுக் குறையல. இதைவிட என்ன சாட்சி வேணும்? எழுது!”

அவள் கம்பியை வாங்கி அதன் இடத்தில் செருகினாள். காரை உள்ளே ஓட்டிவந்து சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி அணைத்தாள். பிறகு ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தாள்.

“உட்காருங்க.”

“எதுக்கு?”

“பத்து நிமிசம்.”

“பத்து நிமிசம் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக்கூடாது.”

தவசிமுத்து உட்காரவில்லை. காரைச் சுற்றி நடந்தார். ஒலிபெருக்கியின் கட்டை இழுத்துப் பார்த்தார். தாளை எடுத்து ஒரு சொல்லை அடித்து அதைவிடக் கடுமையான சொல்லை எழுதினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

“நான் சும்மா இருந்து பழக்கம் இல்ல, ஜெபமாலை.”

“தெரியும்.”

“சும்மா இருந்திருந்தா தண்ணி லாரி திரும்ப வந்திருக்குமா?”

“வந்திருக்காது.”

“பின்னே?”

இஞ்சின் சூடு இறங்கி டிக் டிக் என்று சத்தம் போட்டது. தவசிமுத்து கடைசியில் உட்கார்ந்தார். முழங்கால்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

“இப்ப எடுங்க.”

எடுத்தார். துடைத்தார். விட்டு உருவினார்.

ஆயில் மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை ஏறி நின்றது.

அவர் நம்பவில்லை. மறுபடியும் துடைத்து விட்டு எடுத்தார். அதே இரண்டு விரல்கடை.

“யாரு ஊத்துனது?” குரல் ஷெட்டின் தகரத்தில் அடித்தது. “இப்ப யாரு ஊத்துனது?”

“இங்க யாரும் ஊத்தல அண்ணாச்சி. ஓடுற இஞ்சின்ல ஆயில் மேலெல்லாம் ஏறிக் கிடக்கும். நின்ன பிறகு அது இறங்கி வரணும். வண்டியும் சமமா நிக்கணும்.”

அவர் கம்பியையே பார்த்தார். சங்க அலுவலகம் இருப்பது அளக்கரையில். காரைப் பெரும்பாலும் கரைச் சரிவில்தான் நிறுத்த முடியும். பல நாள் கார் வந்து நின்ற சத்தம் கேட்டாலே அவர் கேனும் கையுமாக இறங்கிவிடுவார். ஒரு நாள் சமதரையில், ஆனால் ஓடிவந்து நின்ற உடனே. ஒரு நாள் இஞ்சின் ஆறின பிறகு, ஆனால் சரிவில். மூன்றாம் நாள் இரண்டும் சேர்ந்து.

“ஆயில் கூடினா நல்லதுதானே?” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“கூடினா உள்ள சுத்துற தண்டு அதை அடிச்சு நுரையாக்கிரும். நுரை ஒண்ணையும் நனைக்காது. மிச்ச ஆயில் பெட்ரோல் எரியுற இடத்துக்குப் போயிப் புகையும். கேட்டுக்கு முன்னால புகைஞ்சது அதுதான்.”

அவள் ஒரு ஸ்பேனரை நீட்டினாள்.

“அடியில படுங்க.”

சங்கத் தலைவர் தவசிமுத்து, வெள்ளைச் சட்டையோடு காருக்கடியில் படுத்தார். ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கண்டுபிடித்தார். ஒரே இழுப்பில் கழற்றினார். வெதுவெதுப்பான கறுப்பு ஆயில் முழங்கை வரைக்கும் வழிந்தது.

“மெதுவா! கொஞ்சம்தான் போகணும்.”

“எல்லாத்தையும் வடிச்சிருதேன். எல்லாம் போகட்டும். எனக்கு எதுக்கு இனிமே காரு?”

“எல்லாம் போனா இஞ்சினும் போயிரும். மூடுங்க.”

“போகட்டும்!”

“மூடுங்க அண்ணாச்சி!”

முதல் முறையாக அவள் கத்தினாள். அவர் மூடினார்.

அளந்து பார்த்தார்கள். மறுபடி கொஞ்சம் வடித்தார்கள். கம்பியில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஆயில் வந்து நின்றபோது மணி நான்கு. கார் புகையில்லாமல் ஓடியது.

தவசிமுத்து வெளியே வந்து தாளைப் பார்த்தார். அதில் அவருடைய ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

“கூட்டத்தைத் தள்ளி வச்சிருதேன். தாளைக் கிழிச்சாப் போச்சு. ஒண்ணும் நடக்கல.”

“தாளை யாரும் பார்த்தாவளா?”

“நிர்வாகக் குழு. பதினோரு பேரு.”

“காலையில கோயில்பிள்ளை வீட்டுக்காரி எங்க தெருக் குழாய்க்குத் தண்ணி பிடிக்க வந்தா,” என்றாள் ஜெபமாலை. “அவ வீட்டு வாசல்லயே பொதுக் குழாய் இருக்கு.”

தவசிமுத்துவின் முகம் கறுத்தது. யார்மேல் பாய்வது என்று அவர் கண்கள் தேடின. பதினோரு பேரைத் திட்டினார், பெயர் பெயராக. அவர்கள் பெண்டாட்டிமாரைத் திட்டினார். புத்தகம் அச்சடித்தவனைத் திட்டினார். அளக்கும் முறையை அடுத்த பக்கத்தில் அச்சடித்தவனை இன்னும் மோசமாகத் திட்டினார்.

அவள் அதுவரைக்கும் காத்திருந்தாள். பிறகு, வடித்த ஆயிலை இரண்டு பாட்டிலில் ஊற்றி மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

“இது எனக்கு எதுக்கு?”

“உங்களோடதுதான்.”

“நான் என்ன செய்யணும் ஜெபமாலை? அதைச் சொல்லு.”

அவள் குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஐந்து மணிக்கு அளக்கரையில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோயில்பிள்ளை கடைசியில், காலில் துணி சுற்றியபடி, தனியாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இருபுறமும் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது.

தவசிமுத்து ஆயில் சட்டையோடு மேசைக்கு வந்தார். இரண்டு பாட்டிலையும் மேசைமேல் வைத்தார்.

“சங்கத்துக் காரில் ஒரு சொட்டு ஆயில் திருட்டுப் போகலை. அளக்கத் தெரியாதவன் அளந்து, வேண்டாததை ஊத்தி, இஞ்சினைப் புகைய வச்சு, நாணயமான தொழிலாளியைத் திருடன்னு எழுதினான். எழுதினவன் பெயரை வாசிக்கப் போறேன். எழுந்திரிங்க.”

யாரும் எழவில்லை.

“தலைவரே, வேண்டாம்,” என்றான் கோயில்பிள்ளை. “விடுங்க. எல்லாருக்கும் விளங்கிட்டு.”

“நீ பேசாத! நீ பேசினப்ப நான் கேக்கலல்ல? இப்ப நான் பேசும்போது நீ கேளு!”

அவர் மேசையில் ஓங்கி அடித்தார். பாட்டில்கள் ஆடின.

“வழக்கம்னா எல்லாருக்கும் வழக்கம்! எழுந்திரிங்கடா!”

முன்வரிசையில் பதினோரு பேர் முதலில் எழுந்தார்கள். பிறகு மற்றவர்கள். கடைசியாக, புண்காலை ஊன்றிக் கோயில்பிள்ளை எழுந்தான்.

தவசிமுத்து தாளை விரித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். சத்தம் கரையின் அந்தக் கோடி வரைக்கும் போக வேண்டும் என்று மூச்சை இழுத்துக்கொண்டு வாசித்தார்.

“தவசிமுத்து. தகப்பன் பெயர் மாடக்கண்ணு. மேலக்கரை அளம்.”