ஆணியை எடுக்காதவர்

“கண்ணை மூடினா டயர்தாம்மா தெரியுது” என்றார் பிரம்மநாயகம்.

அவருக்கு அறுபத்தோரு வயது. மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் காலையில் அம்பாசமுத்திரம் வந்து உலகம்மாளிடம் தியானம் கற்றுக்கொண்டிருந்தார்.

உலகம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அரிசி ஆலைக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஒரு கூடம். அங்கே ஏழெட்டுப் பேர் அவர் முன்னால் உட்காருவார்கள். உலகம்மாள் அதிகம் பேசுவதில்லை.

எந்த டயர் என்று மட்டும் கேட்டார்.

கார் வாங்கி நான்கு மாதம். பின்பக்கம், இடது டயர். ராத்திரி நிறைய காற்றடித்து நிறுத்தினால் விடியும்போது கொஞ்சம் இறங்கியிருக்கும். கொஞ்சம்தான். ஆனால் தினமும் இறங்கும். காரிலேயே ஒரு சின்ன பம்ப் வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் அந்த டயர் முன்னால் முழங்காலிட்டுக் காற்று அளப்பார். மாலையில் மறுபடியும் அளப்பார். காரணம் யாருக்குமே தெரியவில்லை என்றார்.

ஓய்வு பெற்றதும் மனைவியோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்றுதான் அந்தக் காரை வாங்கினார். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, மூணாறு என்று அவர் மனைவி பகவதி ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தார். நான்கு மாதத்தில் கார் பக்கத்து ஊரான கல்லிடைக்குறிச்சியைத் தாண்டவில்லை.

போன புதன்கிழமை பகவதி பஸ் ஏறித் தங்கை வீட்டுக்கு நாகர்கோவில் போய்விட்டார்.

“நீங்க டயரைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனா. கோபமாச் சொல்லலை. அதுதான் பயமா இருக்கு.”

டயர் பக்கம் போகாமல் மனதை நிறுத்த ஒரு வழி சொல்லித்தர வேண்டும் என்று கேட்டார்.

உலகம்மாள் எழுந்தார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். வாசலில் நின்ற அவர் காரின் பின்சக்கரத்துக்கு எதிரே பாயை விரித்தார்.

“இன்னைக்கு இங்க உக்காருங்க அண்ணாச்சி. கண்ணை மூட வேண்டாம்.”

பிரம்மநாயகம் உட்கார்ந்தார். மற்றவர்கள் கூடத்துக்குள் கண்ணை மூடியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.

அரைமணி நேரம் கழித்து உலகம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்.

டயரின் வரிகளைப் பற்றிச் சொன்னார் பிரம்மநாயகம். அதன் மேல் முடிபோல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இழைகள் இன்னும் உதிரவில்லை என்றார். அவ்வளவு புதுசு.

“வேற?”

அவர் டயரின் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகம்மாள் எழுந்து போகவில்லை.

“ஒரு ஆணி இருக்கு” என்றார் கடைசியில்.

“எப்பப் பாத்தீங்க?”

“மூணு மாசம் ஆச்சு.”

உலகம்மாள் சிரிக்கவில்லை. வழியில் பஞ்சர் கடை எதுவும் இல்லையா என்று கேட்டார். நான்கு இருக்கின்றன என்றார் பிரம்மநாயகம். நான்கையும் பார்க்காததுபோலக் கடந்து வருவதாகவும் சொன்னார். பகவதியிடம்கூட ஆணியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆணியைப் பிடுங்கினால் அந்த இடத்தில் ரப்பரைச் சொருகி அடைப்பார்கள். அப்புறம் அது பஞ்சர் ஒட்டிய டயர். நான்கு மாதக் காரில் அப்படி ஒரு டயரை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“ஆணியை எடுத்தா ஓட்டை ஆயிரும்மா.”

“இப்ப என்ன இருக்கு அண்ணாச்சி?”

பிரம்மநாயகம் குனிந்து ஆணியின் தலையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

உலகம்மாள் ஆலைக்குள் போய் ஒரு குறடு வாங்கி வந்தார். அதைப் பாயில் வைத்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார்.

பிரம்மநாயகம் குறட்டை எடுத்தார். மூன்றாவது இழுப்பில் ஆணி வந்தது. விரல் நுனி நீளம்கூட இல்லை. காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. கார் அந்தப் பக்கமாக, எருமை படுப்பதுபோல, மெதுவாகத் தணிந்தது.

மூன்று மாதமாக அவர் பயந்திருந்த சத்தம் அது. தேநீர் ஆறும் நேரத்தில் முடிந்துவிட்டது.

அப்போது யாரோ சிரிப்பது அவருக்குக் கேட்டது. சிரிப்பது தானேதான் என்று தெரிய ஒரு கணம் ஆனது. கூடத்தில் கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லோரும் திறந்துவிட்டார்கள். அன்று அதற்குமேல் யாராலும் மூட முடியவில்லை.

இரண்டு பேர் வந்து ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்தார்கள். பெரிய சாலையில் முதலில் கண்ணில் பட்ட பஞ்சர் கடையில் பிரம்மநாயகம் நிறுத்தினார். கடைக்காரர் துளையில் ரப்பரைச் சொருகி, நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்து, தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை. டயரைப் பழைய இடத்திலேயே மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல், நேராக நாகர்கோவிலுக்கு வண்டியை விட்டார்.

மைத்துனி வீட்டு வாசலில் நின்றபடியே பகவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆணியைச் சொன்னார். மூன்று மாதத்தையும் சொன்னார்.

பகவதி படியிறங்கி வந்து அந்த டயரைக் குனிந்து பார்த்தார்.

“அந்த டயருக்காக நான் பிள்ளையாருக்குத் தேங்கா நேந்திருக்கேன்” என்றார் பிறகு.

எத்தனை என்று கேட்டார் பிரம்மநாயகம்.

“நூத்தியெட்டு. நீங்கதான் உடைக்கணும்.”

சரி என்றார் அவர். பகவதி பையை எடுத்துவர உள்ளே போனார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் பிரம்மநாயகம் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு முகமெல்லாம் வெயிலில் கறுத்து வந்து உட்கார்ந்தார்.

பயணம் எப்படி இருந்தது என்று உலகம்மாள் கேட்டார்.

கடலில் குளித்ததையும், வழியில் வாங்கித் தின்ற பலாச்சுளையையும், பகவதி வண்டியில் பாடிக்கொண்டே வந்ததையும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். மூணாறில் பகவதி அவசரமாகக் கார்க் கதவைத் திறந்தபோது அது ஒரு கல்தூணில் இடித்துவிட்டது. கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் போய்விட்டது. பகவதி கதவைப் பிடித்தபடி அசையாமல் நின்று அவர் முகத்தையே பார்த்தார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மழை வருது, ஏறி உக்காருன்னேன்.”