கரடியின் செடிக்கு வந்த வைத்தியர்கள்

மலைக்காட்டுக் குகை ஒன்றில் ஒரு கரடி இருந்தது. குகை வாசலுக்கு உள்ளே ஒரு தொட்டிச் செடி வைத்திருந்தது. அந்தச் செடிக்குள் ஒரு தவளை குடியிருந்தது. தவளைக்கு ஒரே ஒரு தலைப்பிரட்டைப் பிள்ளை. அதற்கு இன்னும் காலும் முளைக்கவில்லை, வாலும் மறையவில்லை. தண்ணீரை விட்டால் உயிர் தங்காது.

செடியின் பெயர் புரோமிலியாட். அன்னாசிக்குச் சொந்தக்காரச் செடி. மலை உச்சிப் பங்களாவைக் காலி செய்தவர்கள் விட்டுப்போனது. அதன் இலைகள் நடுவில் கூடி ஒரு கிண்ணம் போல நிற்கும். அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தால் போதும், செடி குடித்துக்கொள்ளும். குகைக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரே கிண்ணத்தை நிரப்பியது. கரடி ஒன்றுமே செய்யவில்லை. அதனால் செடி நன்றாக இருந்தது!

சிவப்பாக ஒரு பூ வந்தது. மாதக்கணக்கில் நின்றது. பிறகு வாடியது. பூத்து முடித்தால் இந்தச் செடி மெல்ல மெல்லக் காயும். போவதற்கு முன் அடியில் ஒரு கன்று விடும். கன்றும் சாண் உயரம் வளர்ந்துதான் இருந்தது. ஆனால் கரடி கன்றையா பார்த்தது? இலை நுனி பழுப்பானதைத்தான் பார்த்தது.

"ஐயோ, என் செடிக்கு உடம்பு சரியில்லையே!" என்று காடு முழுக்கக் கேட்கும்படி அலறியது.

அலறியிருக்கக் கூடாது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் ஒரு வைத்தியமாவது சொல்லாமல் திரும்பக் கூடாது. வீட்டுக்காரர் அதை வந்தவர் கண்ணெதிரே செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் வந்தவருக்கு அவமானம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த வழக்கமோ!

முதலில் காட்டுப்பன்றி வந்தது. செடியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"தாகம்ப்பா இது! மண்ணு காஞ்சு கிடக்கு பாரு. ரெண்டு குடம் ஊத்து!"

கிண்ணத்திலிருந்து தவளை தலையை நீட்டியது. "வேண்டாம் அண்ணே! மண்ணுல அவ்வளவு ஊத்தினா அடி அழுகிடும்!"

"சும்மா இரும்மா. வந்தவர் மனசு நோகும்ல?" என்றது கரடி. இரண்டு குடமும் ஊற்றியது. மண் சேறானது. பன்றி திருப்தியாகப் போனது.

மறுநாள் மயில் வந்தது.

"குகைக்குள்ள வச்சா எதுதான் பொழைக்கும்? தூக்கி உச்சி வெயில்ல வை!"

"அண்ணே, இதுக்குக் காலை வெளிச்சமே போதும்! கிண்ணத்துத் தண்ணி கொதிச்சா என் பிள்ளை வெந்துடும்!" என்று தவளை கத்தியது.

"உனக்கு என்ன தெரியும்? அவங்க பத்துக் காடு பார்த்தவங்க!" என்றது கரடி.

மயில் போகும்வரை தொட்டி பாறைமேல் வெயிலில் இருந்தது. தவளை கிண்ணத்தின் மேல் குடை போலக் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகு காய்ந்து போயிற்று. பிள்ளை பிழைத்தது. இந்தக் கரடியை என்னதான் செய்வது!

மூன்றாம் நாள் மந்தி வந்தது. சும்மா வரவில்லை. வைத்தியம் பலித்ததா என்று பார்க்கப் பன்றியையும் மயிலையும் கூட்டிக்கொண்டு வந்தது. செடி இன்னும் பழுப்பாகியிருந்தது.

மந்தி மூக்கைப் பொத்தியது. "நடுவுல பழைய தண்ணி நாறுது. கவிழ்த்துக் கொட்டு! அடியில வேற ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சுது. அதையும் பிடுங்கி எறி!"

"கொட்டாதீங்க!" என்று தவளை அலறியது. "புதுத் தண்ணி கொஞ்சம் ஊத்துங்க, போதும்! உள்ளே என் பிள்ளை இருக்கு! நான் இந்தச் செடியிலதானே குடியிருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கரடி விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்தது. செடியைப் பிடித்துச் சாய்த்தது. அழுகிய அடி முறிந்து, தாய்ச் செடி அதன் கையோடு வந்துவிட்டது. கன்று மட்டும் தொட்டியிலேயே நின்றது. தண்ணீர் கொட்டியது. தலைப்பிரட்டை பாறையில் விழுந்து துடித்தது.

"சேத்துல போடு!" என்றது பன்றி.

"வெயில்ல காட்டு!" என்றது மயில்.

"வாலைப் பிடிச்சு உதறு!" என்றது மந்தி.

மூன்று நாளில் முதல்முறையாகக் கரடி தவளையிடம் யோசனை கேட்டது. "நீ சொல்லும்மா. என்ன செய்யட்டும்?"

திட்டுவதற்குத் தவளையிடம் நிறைய இருந்தது. அதற்கெல்லாம் நேரமில்லை.

"நகம் படக்கூடாது! உதிர்ந்த இலையில ஏந்துங்க. கன்றோட நடுவுலயும் தண்ணி இருக்கு. அதுல விடுங்க!"

கரடி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏந்தியது. விட்டது. தலைப்பிரட்டை அசையாமல் கிடந்தது. பிறகு ஒரு சுற்றுச் சுற்றியது. தவளை கன்றின்மேல் தாவி ஏறிக்கொண்டு ஓவென்று அழுதது.

"அந்தக் கன்றைத்தானே பிடுங்கச் சொன்னேன்?" என்று மந்தி முறைத்தது. "என் வைத்தியம் பாதியில நிக்குது!"

"நிக்கட்டும். பிடுங்க மாட்டேன்!" என்றது கரடி.

அந்தக் காட்டில் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. மந்தி விருட்டென்று கிளம்பியது. பன்றியும் மயிலும் பின்னாலேயே போயின.

கரடி தயங்கித் தயங்கிக் கேட்டது. "இந்தக் கன்றுக்கு இனி என்ன செய்யணும்?"

"தொட்டிச் சேத்துத் தண்ணியை வடிய விடுங்க. அப்புறம் ஒண்ணும் செய்யாதீங்க!"

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே!"

"மண்ணுல கொஞ்சூண்டு தண்ணி மட்டும்..."

"அண்ணே!!"

நீதி: உள்ளே குடியிருப்பவரைக் கேட்காமல், வந்து போகிறவர்களின் மனம் நோகக் கூடாதென்று செய்யும் வைத்தியம் நோயைவிடச் சீக்கிரம் கொல்லும்.