மாதையனின் ஐந்து மடக்குக் கத்திகள்

"எந்தக் கத்தியா இருந்தா எங்க மாமா பொழைச்சிருப்பாரு? அத மட்டும் சொல்லுங்கம்மா."

மாதையன் கேட்டது இதுதான். எட்டு மாதமாக அவன் வேறு எதையும் யாரிடமும் கேட்கவில்லை.

மடத்து அம்மாவின் பெயர் தேவகி. அவனைவிடப் பத்து வயது இளையவள். ஆற்றங்கரைப் பாறை மேல் இருந்த அந்தச் சின்ன மடத்தில் வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவாள். கேள்வி கேட்டால் சில சமயம் பதிலும் சொல்வாள்.

அவளிடம் போனவர்களில் பாதிப் பேர் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். மீதிப் பேர், கஞ்சியோடு திரும்பியிருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டார்கள்.

"உக்காருங்கண்ணா."

அவன் உட்காரவில்லை. நாலு பேர் எதிரே உட்காரவே அவனுக்குக் கூசியது. மீன்துறைக்குப் போகக் கூசியது. ஐம்பது வயதில், கடைக்குப் போய் டீ கேட்கக்கூடக் கூசியது.

அக்கா பச்சியம்மாளும் கூட வந்திருந்தாள். செத்துப்போன சடையன் மாமா அவளுடைய புருஷன். அவள் எதுவும் கேட்க வரவில்லை. வந்ததும் நேராக மடத்தின் பின்கட்டுக்குப் போய், மூட்டை பிரித்து, சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன நடந்துச்சு?"

"ஊருக்கே தெரியுமேம்மா."

"நான் ஊரக் கேக்கல."

மாதையன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஆடிப்பெருக்குக்கு மறுநாளு. தண்ணி ஏறிக்கிட்டே வருது. வலைய எடுத்துடலாம்னு மாமா இறங்குனாரு. மேல இருந்து ஒரு மரம் மிதந்து வந்து வலையில மாட்டிக்கிச்சு. வலைக்கயிறு மாமா கால்ல சுத்திக்கிச்சு. மரம் இழுக்குது. நான் பாறையில மண்டி போட்டு அவரு கையப் புடிச்சுக்கிட்டேன். கயித்த அறுத்தா வந்துடுவாரு. கத்திய எடுத்தேன். தொறந்தேன்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள ஆறு இழுத்துக்கிச்சு. கத்தி லேட்டும்மா. ஒரே ஒரு நொடி லேட்டு."

சடையன் மூன்றாம் நாள் அணைப் பக்கம் ஒதுங்கினார். அதை அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"துறையில நாந்தாம்மா கத்திக்காரன். பத்து வருஷமா ஒத்தைக் கையில தொறந்து காட்டறவன். வெளியூர்க்காரன் வந்தாக்கூட என்னத்தான் கூப்புடுவாங்க. கைதட்டுவாங்க. அந்த என் கையிலயே..."

முடிக்க முடியாமல் தோள்துண்டை அவிழ்த்துத் தரையில் விரித்தான். உள்ளே ஐந்து மடக்குக் கத்திகள்.

"ஒண்ணு பழசு. நாலு அதுக்கப்புறம் வாங்குனது. அஞ்சையும் தொறந்து தொறந்து பார்க்கறேன். ஒரு முடிவுக்கு வர முடியல."

"காட்டுங்க."

கத்தி என்றதும் அவன் குரலே மாறிவிட்டது. வந்ததிலிருந்து தரையைப் பார்த்துப் பேசியவன் இப்போது நிமிர்ந்து பேசினான்.

"இது அன்னைக்கு வச்சிருந்தது. மணிக்கட்ட ஒரு உதறு உதறணும், அலகு தானா வந்து நிக்கும். ஆனா திருகாணி கொஞ்சம் தளர்ந்திருந்தாத்தான் வேகம். தளர்ந்தா அலகு ஆடும். ஆடுற கத்தி கயித்துல வழுக்கும்."

"சரி."

"இதுக்கு அலகுல சின்னதா ஒரு குமிழ். கட்டைவிரலால தள்ளுனாப் போதும். நல்ல கத்தி. ஆனா அவசரத்துல எடுத்தா அந்தக் குமிழே டிரவுசர் பாக்கெட்டுல மாட்டிக்கும்."

"ம்."

"இதுக்குக் குமிழ் இல்ல, ஓட்டை. விரல் நல்லாப் பதியும், ஈரக் கையா இருந்தாலும் சறுக்காது. மாட்டவும் மாட்டாது. ஆனா ஓட்டைக்காக அலகை அகலமா வச்சிருக்கான். மடியில வச்சா நாள் முழுக்கக் குத்தும்."

"இது?"

"இதுக்கு முதுகுல வாலு. ஆள்காட்டி விரலால ஒரு தட்டு. டக்! தொறந்தப்புறம் அந்த வாலே விரலுக்குக் காவலும் ஆயிடும். ஆனா தட்டு அரைகுறையா விழுந்துச்சுன்னா பாதியில நின்னுக்கும். அப்ப அது கத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"கடைசி?"

"பட்டன். உள்ள ஸ்பிரிங். அமுக்குனாப் போதும், தட்டவும் வேணாம் தள்ளவும் வேணாம். ஆனா மணல் புகுந்தா செத்துச்சு. ஆத்துல மணல் இல்லாத எடம் ஏதும்மா?"

"அப்ப எதுங்கண்ணா நல்லது?"

"ஒரு நாளைக்கு வாலுங்கும் மனசு. மறுநாள் ஓட்டைங்கும். அதுக்குத்தான உங்ககிட்ட வந்தேன்."

தேவகி கையை நீட்டினாள். அவன் வால் கத்தியை மடக்கி அவள் கையில் வைக்கப் போனான். அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"கீழ வைங்க. கத்திய கைக்குக் கை வாங்குனா சண்டை வந்துடும். உங்களோட சண்டை போட எனக்குத் தெம்பில்ல."

மாதையன் சிரித்துவிட்டான். உடனே, சிரித்ததற்காக வெட்கப்பட்டுப் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அவள் கீழே வைத்த கத்தியை எடுத்து அப்படியும் இப்படியும் புரட்டினாள். திறக்கவில்லை.

"எதுக்குண்ணா ஒத்தைக் கையில தொறக்கணும்?"

என்ன இது, பச்சைக் குழந்தை கேள்வி என்று இருந்தது அவனுக்கு.

"இன்னொரு கை எதையாவது புடிச்சிருக்குமே. கயித்த, பரிசல் விளிம்ப, ஆள. அதுக்குத்தானே இதெல்லாம் செஞ்சதே. ரெண்டு கையும் சும்மா இருந்தா நகத்தாலயே தொறந்துக்கலாமே."

"அப்படியா. சரி, என் கையப் புடிங்க."

"அய்யோ, வேணாம்மா."

"மாமா கைய எப்படிப் புடிச்சீங்களோ அப்படிப் புடிங்க."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வேறு வழியில்லாமல் மாதையன் மண்டி போட்டான். இடது கையால் அவள் மணிக்கட்டைப் பற்றினான்.

"இறுக்கி."

இறுக்கினான்.

"இப்பத் தொறங்க. எதை வேணும்னாலும்."

வலது கையால் வால் கத்தியை எடுத்தான். ஒரே தட்டு. டக்.

முழுதாகத் திறந்து நின்றது. கண் இமைக்கவில்லை, அதற்குள் வேலை முடிந்திருந்தது. அவன் முகத்தில் பழைய களை ஒரு நொடி வந்துபோனது. வந்திருக்க வேண்டாம்தான், ஆனால் வந்தது.

"பாருங்கம்மா. லேட்டே இல்ல."

"பார்த்தேன். உங்க இடது கை எங்கண்ணா?"

அவள் கை அந்தரத்தில் தனியாக நின்றது.

மாதையன் தன் இடது கையைத் தேடினான். அது அவன் முதுகுக்குப் பின்னால், இடுப்பில் ஒட்டி மடங்கிக் கிடந்தது.

அதை அங்கே அவன் கொண்டுபோய் வைக்கவில்லை. அதுவாகப் போயிருந்தது. துறையில் கத்தி திறந்து காட்டும்போது, மறு கை படவில்லை என்பதைக் கூட்டம் பார்க்க வேண்டும் என்று இடது கையை முதுகில் கட்டிக்கொள்வான். பத்து வருடம். எத்தனை ஆயிரம் தடவையோ.

"இன்னொரு தடவ" என்றாள்.

ஓட்டைக் கத்தி. இந்த முறை அவள் மணிக்கட்டை நகம் பதியும்படி பிடித்தான். அலகு திறந்தது. கை முதுகுக்குப் போய்விட்டது.

குமிழ்க் கத்தி. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். போய்விட்டது.

பட்டன். போய்விட்டது.

பழைய கத்தியை அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை. நகம் பதிந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

பின்கட்டில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெங்காயம்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் தேவகி.

அவன் திறந்து கிடந்த கத்திகளை ஒவ்வொன்றாக மடக்கினான். இரண்டு கையாலும் மடக்கினான். நாலு கத்தியை மடக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"அன்னைக்கேம்மா."

அவள் மணிக்கட்டைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"மாமா ஆத்தப் பார்க்கல. கால்ல இருந்த கயித்தப் பார்க்கல. என் கை எங்க போச்சுன்னு பார்த்தாரு. அந்தப் பார்வை பார்த்துக்கிட்டேதான் போனாரு."

அவன் கத்திகளைத் தரையில் ஒதுக்கிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"வெக்கமா இருக்கும்மா. சாவுறதுக்குக்கூட வெக்கமா இருக்கு. ஒரு புதுக் கத்தி கைக்கு வந்தா ரெண்டு நாளைக்கு அதத் தொறந்து மூடிப் பார்த்துக்கிட்டிருப்பேன். அந்த ரெண்டு நாளைக்கு அந்தக் கண்ணு நெனப்புல வராது. அப்புறம் வந்துடும். உடனே இன்னொண்ணு வாங்கிடுவேன்."

"இத எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க? உங்க மாமாவ நான் பார்த்ததுகூட இல்ல."

மாதையன் துண்டை இறக்கினான்.

"அக்காகிட்டயா? வேணாம்மா. கத்திதான் லேட்டுன்னு சொல்லிச் சொல்லித்தான் அவள இத்தன நாள் தேத்தி வச்சிருக்கேன். இதக் கேட்டா செத்துருவா."

"அந்த மூட்டை வெங்காயத்த உரிச்சு முடிக்காம சாக மாட்டாங்க. போங்கண்ணா."

அவன் போனான். பத்தடி தூரம்தான். நடுவில் இரண்டு தடவை நின்றான்.

பச்சியம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அவன் அவள் எதிரே மண்டி போட்டான். முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் முறத்தைப் பார்த்தான்.

"அக்கா. கத்தி லேட்டு இல்லக்கா. நேரத்துக்குத் தொறந்துச்சு. நாந்தான் கைய விட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். முறத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"கரையில, உம் முதுகுக்குப் பின்னாலதானடா நான் நின்னேன்" என்றாள்.

மாதையன் தலையைத் தூக்கவில்லை.

"நீயா வந்து சொல்லட்டும்னுதான் எட்டு மாசமா உனக்குச் சோறு போடறேன்."