செண்பகவல்லியின் டப்பாவில் இல்லாத சாமான்

"சாமி, இந்த டப்பாவுல இன்னும் ஒரே ஒரு சாமான் குறையுது. அது என்னன்னு சொல்லுங்க."

வந்ததும் வராததுமாகச் செண்பகவல்லி இப்படித்தான் ஆரம்பித்தாள். ஒரு கும்பிடுகூடப் போடவில்லை.

கம்பளிச் சாமி கையிலிருந்த குல்லாப் பின்னலை விட்டு நிமிர்ந்து பார்க்கவில்லை. மலைமேல் குளிரில் நடுங்கி வருகிறவர்களுக்குக் குல்லா பின்னிக் கொடுப்பது அவர் வழக்கம். பின்னல் என்னவோ சுமார்தான். அவர் குல்லாவைப் போட்டால் ஒரு காது உள்ளே இருக்கும், இன்னொரு காது குளிரில் கிடக்கும். வயதிலும் செண்பகவல்லிக்கு அவர் தம்பி மாதிரி. ஆனாலும் மனசு சரியில்லை என்றால் அந்த ஊர் அவரிடம்தான் போகும்.

"திறங்க தாயி" என்றார்.

திறந்தாள். அடேயப்பா! மூங்கில் ஊசி, இரும்பு ஊசி, வட்டமாகப் பின்ன வயர் வைத்த ஊசி. இஞ்சு டேப்பு. குட்டிக் கத்தரி. கண்ணி நழுவாமல் பிடித்துவைக்கிற பெரிய ஊக்கு. ஸ்வெட்டர் பின்னுகிற யாரும் அந்த டப்பாவைப் பார்த்தால் வயிறெரிந்து போவார்கள்.

சாமி ஒரு சிவப்பு வளையத்தை எடுத்தார்.

"இது எதுக்கு?"

"ஊசியில கோத்துட்டா, எந்த இடத்துல திரும்பணும்னு அது காட்டிக் கொடுக்கும்."

"முன்னே யார் காட்டினது?"

"பக்கத்துல ரஞ்சிதம் உக்காந்திருப்பா. அக்கா, திரும்புன்னு சொல்லுவா."

சாமி அதை வைத்துவிட்டு, சக்கரம் வைத்த ஒரு சின்ன டப்பியை எடுத்தார்.

"இது?"

"எத்தனை வரி முடிஞ்சுதுன்னு காட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு திருகு திருகினாப் போதும்."

"முன்னே?"

"அவதான் எண்ணுவா."

டப்பாவுக்கு வெளியே தனியாக ஒரு மரச் சாமான் இருந்தது. குடை மாதிரி விரியும், சுற்றும்.

"இது?"

"ராட்டினம். உல்லன் நூல் வளையம் வளையமாத்தானே வருது? அதைச் சிட்டம்னு சொல்லுவோம். இதுல மாட்டிச் சுத்தி உருண்டையாக்கிக்கணும்."

"முன்னே?"

செண்பகவல்லி ராட்டினத்தை வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். சாமியும் விடுகிற மாதிரி இல்லை. குல்லாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

கடைசியில் அவளே சொன்னாள்.

ரஞ்சிதம் அவள் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த ரெண்டு வீடு. ரெண்டு பேரின் புருஷன்மாரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் அவளுக்கு இவள், இவளுக்கு அவள். சிட்டம் வந்தால் ரஞ்சிதம் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்காருவாள். கைகளில் நூலை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து செண்பகவல்லி உருண்டை சுற்றுவாள். ஊர்க்கதை ஓடும். நூலும் ஓடும்.

ஒருநாள் ரஞ்சிதம் கையை வெடுக்கென்று இறக்கிவிட்டாள். நூல் சிக்கிச் சின்னாபின்னமாகிவிட்டது.

"நான் என்ன உனக்கு மரக்கட்டையாக்கா?" என்று கேட்டாள்.

"கட்டையே தேவலாம்டி. வாய் பேசாது" என்றாள் செண்பகவல்லி. மறுநாளே டவுனுக்குப் போய் ராட்டினம் வாங்கிவந்தாள். வாசலில் எல்லோரும் பார்க்க அதைச் சுற்றியும் காட்டினாள்.

அதோடு பேச்சு நின்றது. ரஞ்சிதம் இல்லாமல் ஒவ்வொரு வேலையிலும் தடுமாற, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமான் வாங்கிப் போட்டாள். டப்பா நிறைந்துவிட்டது.

"ஆனா சாமி, ஊசியை எடுத்தா கை ஓட மாட்டேங்குது. வீடு வெறிச்சோன்னு கிடக்கு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே பொழுது சாயுது. நானே ஏதாவது பேசினா என் குரலே யாரோ மாதிரி இருக்கு."

"ரஞ்சிதம்?"

"நாளைக்கு மக வீட்டுக்குப் போறாளாம். ஒரேயடியா. பெட்டி இழுக்குற சத்தம் சுவர்ல கேட்டுக்கிட்டே இருக்கு. போகட்டும், எனக்கென்ன?"

"எனக்கென்னன்னா இங்க எதுக்கு வந்தீங்க?"

"சாமான் கேக்கத்தான்."

சாமி அவள் பையிலிருந்து புதுச் சிட்டம் ஒன்றை எடுத்தார். நீல நூல்.

"கையை நீட்டுங்க."

"ராட்டினம் இருக்கே சாமி?"

"அது கிடக்கட்டும். நீட்டுங்க."

நீட்டினாள். சாமி சிட்டத்தை அவளுடைய ரெண்டு கைகளிலும் மாட்டினார். நுனியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றுகிறாரே தவிர உருண்டை ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குமேல் வளரவில்லை. அதற்குள் யாரோ வந்தார்கள். அவர்களோடு பேசினார். பிறகு "அடுப்புல பால் வச்சேனே!" என்று உருண்டையை அவள் மடியில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார்.

போனவர் போனவர்தான்.

செண்பகவல்லிக்குத் தோள்பட்டை கனத்தது. பிறகு முழங்கை கடுத்தது. மூக்கு நுனியில் அரித்தது பாருங்கள், அப்பப்பா! கையை எடுத்தால் நூல் சரிந்து சிக்கிவிடும். பாதி சுற்றின சிட்டத்தைச் சிக்கவிட அவளுக்கு மனசு வருமா? பின்னல்காரி ஆயிற்றே.

"சாமி! கை விட்டுப்போகுது!"

"இதோ ஆச்சு தாயி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆகவில்லை.

"சாமி!"

"இதோ ஆச்சு, இன்னும் கொஞ்சந்தான்!"

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது அவள் வார்த்தை. ரஞ்சிதம் "கை கடுக்குதுக்கா" என்று சொல்லும்போதெல்லாம் நூலைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இவள் சொன்ன வார்த்தை. சொல்லிவிட்டு, விட்ட ஊர்க்கதையைத் தொடருவாள். அவளுக்கு மூக்கு அரித்ததா, தோள் வலித்ததா என்று ஒரு தடவையாவது கேட்டாளா? கேட்கவே இல்லை. ஒரு தடவையாவது "கொண்டா, இன்னிக்கு நான் பிடிக்கிறேன், நீ சுத்து" என்றாளா? சொல்லவே இல்லை.

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கை இல்லை.

சாமி டம்ளரோடு வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"கழட்டிவிடவா?"

"வேண்டாம் சாமி. இருக்கட்டும். உருண்டையை மட்டும் என் இடுப்புல சொருகி விடுங்க."

சொருகிவிட்டார். டப்பா இங்கேயே கிடக்கிறதே என்றார். அவள் காதில் விழவில்லை.

ரெண்டு கையையும் முன்னே நீட்டிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினாள். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

"என்னக்கா, யாரைக் கட்டிப்போடப் போறீங்க?" என்று ஒருத்தன் கேட்டான். கடையே சிரித்தது.

சிரித்தால் சிரிக்கட்டும். அவள் நடை நிற்கவில்லை. ரஞ்சிதம் கிளம்பியிருந்தால்? நாளைக்கு என்றது இன்றைக்கே ஆகியிருந்தால்?

ரஞ்சிதத்தின் கதவு சாத்தியிருந்தது. வாசலில் கயிறு கட்டிய பெட்டி. அப்பாடா, இருக்கிறாள்.

தட்டக் கை இல்லை. காலால் தட்டவா? சீ, அது மரியாதையா? முழங்கையால் இடிக்கலாம். இடித்தால் நூல் சரியும்.

கூப்பிடத்தான் வேண்டும்.

வாயைத் திறந்தாள். எவ்வளவு காலமாகச் சொல்லாத பேர்!

"ரஞ்சிதம்."

தன் காதுக்கே கேட்கவில்லை.

"ரஞ்சிதம்!"

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் நின்றது.

"யாரு?"

"நான்தான்டி. கையைத் தூக்கிப் பிடிச்சிருக்கேன், ரொம்ப வலிக்குது. நீ வந்து சுத்து."