மோரால் போட்ட வட்டம்

முன்னொரு காலத்தில் ஆம்பல் நாட்டை அழகேச வழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு செம்பு மோர் உள்ளே போகும்வரை அவரிடம் யாரும் நியாயம் கேட்டுப் போகக் கூடாது. போனால் கேட்டவனுக்கே கசையடி விழும்.

அந்த மோரைக் கொண்டுவருபவள் அங்காயி. பசு வாங்குவதற்காக அரண்மனை அதிகாரி கடம்பனாரிடம் ஐந்து பொன் கடன் வாங்கியிருந்தாள். வட்டியோடு பத்தாகத் திருப்புவதாகப் பேச்சு. பௌர்ணமிக்கு ஒன்றாக எட்டுப் பொன் கட்டியும்விட்டாள். பெரிய மனிதரிடம் போய் ரசீது ஓலை கேட்பதா என்று கூச்சப்பட்டு, ஒன்றுக்கும் ஓலை வாங்கவில்லை. ராஜா அவள் பேச்சை ரசித்துச் சிரிப்பதைப் பார்த்துக் கடம்பனாருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடன் கொடுத்தவர் கடனாளியைச் சுற்றித் தரையில் வட்டம் போட்டுவிட்டால், கணக்குத் தீராமல் தாண்டக் கூடாது. ஒன்பதாவது பௌர்ணமியன்று காலை, அரண்மனை வாசலில் ஊரே வேடிக்கை பார்க்க, கடம்பனார் கைத்தடியால் அங்காயியைச் சுற்றிக் கோடு கிழித்தார். பத்துப் பொன்னையும் இப்போதே வை, இல்லாவிட்டால் பசு எனக்கு என்றார். பொன் கைமாறியதைக் காவலர்கள் பார்த்திருந்ததால் வாங்கவில்லை என்று சொல்ல வழியில்லை. அதனால் அந்த எட்டும் மரியாதைக்கு வந்த காணிக்கையாம். தவணை என்றால் ஓலையைக் காட்டட்டுமாம்.

ஊர் பார்க்க நிற்பது அங்காயிக்கு அவமானமாக இருந்தது. பசு போனால் பிழைப்பே போய்விடும். அதற்குள் மோர் வராத கோபத்தில் ராஜாவே வாசலுக்கு வந்துவிட்டார். அவர் முன்னால் வீரம் காட்ட நினைத்த கடம்பனார், மோர்ப்பானையைப் பிடுங்க வட்டத்துக்குள் காலை வைத்தார். அங்காயி பானையைச் சாய்த்து அவர் காலைச் சுற்றி மோரை ஊற்றினாள்.

"மகாராஜா, நானும் வட்டம் போட்டுட்டேன். தவணைக்கு நான் ஓலை காட்டணும்னா, காணிக்கைக்கு அவர் காட்டட்டும். இல்லேன்னா அந்த எட்டும் நான் அவருக்குக் கொடுத்த கடன். அவர் போட்ட வட்டியையே நானும் போட்டுக்கிறேன்."

எட்டுக்குப் பதினாறு. கடம்பனார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தாண்டினால் தண்டனை, நின்றால் பதினாறு பொன். வெயில் ஏறியது, காலில் ஈ மொய்த்தது. கடைசியில், வாங்கியது தவணைதான் என்று முனகினார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கடம்பனாரின் பதவியைப் பறித்தார். ஓலை கொடுக்காதவர் இனி வட்டம் போடக் கூடாது, தவணை தவறாமல் கட்டுபவரை ஊர் நடுவே நிறுத்தி அவமானப்படுத்தவும் கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டார். மீதி இரண்டு பொன்னைத் தாமே கட்டுவதாகவும் சொன்னார். வாங்கினவள் நான், நானே கட்டுகிறேன் என்று அங்காயி மறுத்துவிட்டாள். மடியிலிருந்து ஒரு பொன்னை எடுத்து நீட்டியவள், கடம்பனார் கை வந்ததும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல ஓலை, ஐயா."

மோர் காய்ந்த காலோடு கடம்பனார் உட்கார்ந்து எழுதினார். ஒரு சொட்டு மோர்கூடக் குடிக்காமல் ராஜா நியாயம் சொன்னது அந்த நாட்டில் அன்று ஒருநாள்தான்.