ரெண்டு காலைத் தூக்கின சிலந்தி

ஒரு மாந்தோப்புல ஒரு சின்னச் சிலந்தி இருந்தாளாம். பேரு மினுக்கி. செவப்பு உடம்பு, ஒடுங்கின இடுப்பு, பார்த்தா எறும்பேதான். ஆனா எண்ணிப் பாரு, எட்டு காலு. சிலந்தி, தேளு, உண்ணி எல்லாம் ஒரே கூட்டம், கண்ணு. எட்டு காலு இருக்கும். எறும்பு மாதிரி தலையில தடவிப் பாக்குற கொம்பும் கிடையாது, முதுகுல றெக்கையும் கிடையாது. கேக்குறியா?

ம்.

அப்போ அந்தத் தோப்புக்கு ஒரு குளவி வந்துச்சு. ஙொய்ய்ய்... சிலந்தியைக் கண்டா ஒரே கொட்டு! உசுரு போகாது, அசையவும் முடியாது. அப்படியே தூக்கிட்டுப் போயி மண்கூட்டுல அடைச்சு, தன் குஞ்சுக்குத் தீனியா வச்சுடும்.

அந்தக் குளவி அண்டாத இடம் ஒண்ணே ஒண்ணு, முசுறு எறும்புங்களோட மாமரம். அங்க காவல் உண்டு. ஆறு காலு, ரெண்டு கொம்பு இருந்தா உள்ள விடுவாங்க. எட்டு காலுன்னா கிழிச்சுப் போட்டுடுவாங்க.

அப்புறம் மினுக்கி என்ன பண்ணா? முன்னங்கால் ரெண்டையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு ஏறினா.

"ஏய், நில்லு!" காவக்காரி காலை எண்ணினா. "ஒண்ணு, ரெண்டு... ஆறு. சரி."

"கொம்பை ஆட்டு." ஆட்டினா. "சரி."

முசுறுங்க எண்ணும், யோசிக்காது. காவலுக்கு நிக்கிறவங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான்.

ம்...

மூணாவதா, "இரு, போகாதே"ன்னா காவக்காரி. சரசரன்னு ஒருத்தியை இழுத்துட்டு வந்தாங்க. மினுக்கியோட ஒண்ணுவிட்ட அக்கா கருப்பாயி! அவளும் குளவிக்குப் பயந்து ஓடி வந்தவதான். உருண்டை உடம்பு, எட்டு காலையும் எங்க ஒளிப்பா?

"இந்த எட்டுக்காலி உன் பின்னாடியே வந்தா. உனக்கு இவ யாரு?"

மினுக்கி தூக்கின காலை இறக்கினா ரெண்டு பேருக்கும் சாவு. இறக்கலைன்னா அக்கா தனியாப் போவா. மெல்ல... மெல்ல... இறக்கப் போனா.

அப்போ கருப்பாயி கத்தினா: "தூ! இந்த எறும்பு மூஞ்சியை நான் பார்த்ததே இல்ல. கொம்பைத் தூக்குடி, என் கண்ணுல குத்துது!"

மினுக்கி தூக்கிக்கிட்டா.

அக்காவை இழுத்துட்டுப் போனாங்க. சரசர... சர... அப்புறம் சத்தமே இல்ல.

அன்னைக்குத் தூக்கின காலுதான். குளவி போயி எத்தனையோ மழை பெஞ்சாச்சு, அவ வம்சம் இன்னும் இறக்கல. நம்ம சுவத்துல ஊர்ந்தா அடிச்சுடாதே கண்ணு. மனசுக்குள்ள எண்ணு. ஆறு... ஏழு... எட்டு. எண்ணினதை யாருகிட்டயும் சொல்லிடாதே.

கதை மரம் ஏறிடுச்சு, நீ கண்ணை மூடு.